ஆகஸ்டில் வந்தவள்

எந்த மாதம் வரலாம் என்று
பதினாறு வருடமாகக் கேட்கிறார்கள்.
பரான்கோவில், ஒன்பது அறை விடுதியில்,
சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து
நானும் ஒரே பதிலைச் சொல்கிறேன்:
ஜனவரி. தப்பினால் பிப்ரவரி.
எப்படியும் மார்ச் முடிவதற்குள்.
கறுப்புக் கண்ணாடி எடுத்து வாருங்கள்.
குடை வேண்டாம்,
லீமாவில் குடை விற்பவன் பட்டினி கிடப்பான்.

ஜூனில் வராதீர்கள் என்று
நேராகச் சொல்வதில்லை.
அறை காலியாகக் கிடந்தால்
முதலாளி ரெமிஹியோவின் முகம் கோணும்.
'மிதமான குளிர்' என்பேன்.
மிதமான குளிர் என்றால்
துவைத்த சட்டை நான்கு நாள் கொடியில் தொங்கி
ஐந்தாம் நாள் நாற்றத்தோடு இறங்கும்.
உப்பு ஜாடிக்குள்ளேயே கல்லாகும்.
வானத்தைக் கழுதை வயிறு என்போம் இங்கே.
பார்த்தவர்களுக்குப் புரியும்:
நரைத்து, தொங்கி,
தலைக்கு மேலேயே நின்றுகொண்டு
போகவும் போகாது,
பெய்யவும் பெய்யாது.

என் தங்கை எதெல்மீராவும் கேட்டாள்.
மலைக்கு அந்தப் பக்கம்,
ஹவுகாவுக்கு மேலே இருக்கிறாள்.
கடல் பார்த்ததில்லை.
அவளுக்கும் ஜனவரி என்றுதான் சொன்னேன்.
ஜனவரியில் அங்கே மழை.
மலை இளகிச் சாலைக்கு இறங்கி வரும்.
பேருந்துகள் வரிசையாக நிற்க
ஓட்டுநர்கள் சீட்டாடுவார்கள்.
ஒரு தடவை பாதிவழி வந்து
இரண்டு இரவு சேற்றின் முன்னால் உட்கார்ந்து
எனக்கென்று கொண்டுவந்த பாலாடைக்கட்டியை
பக்கத்து இருக்கைக்காரர்களோடு தின்று தீர்த்துவிட்டு
திரும்பிப் போய்விட்டாள்.
சாலை காயும்போது மே.
மே மாதம் கிழங்கு தோண்ட ஆள் வேண்டும்.
ஜூலையில் திருவிழா,
அவள் கணவன் கிளாரினெட் வாசிப்பவன்,
ஊர் ஊராகப் போவான், மாட்டுக்கு இவள்தான்.
அங்கே வெயில் அடித்தால் இங்கே இல்லை,
இங்கே அடித்தால் வழி இல்லை.
ஒரே சூரியனை இரண்டு வீட்டுக்குப் பங்கு போட்ட எவனோ
நடுவில் ஒரு சாலை இருப்பதை
மறந்துவிட்டான்.

பிறகு, சொல்லாமல் கொள்ளாமல்,
ஆகஸ்டில் வந்தாள்.
யெர்பதெரோஸ் நிறுத்தத்திலிருந்து போன்:
"வந்துட்டேன். இங்கே என்ன, இன்னும் விடியலையா?"
மணி பத்தரை.

வீடு பெருக்காத அன்று
விருந்தாளி வந்ததுபோல் கூசியது எனக்கு.
வழியெல்லாம் வானத்துக்காக
நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.
அவள் காதில் வாங்கவில்லை,
பாதி கட்டிய மாடிகளில் நீட்டிக்கொண்டிருக்கும்
கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

குன்றின் விளிம்புக்குக் கூட்டிப் போனேன்.
கீழே கடல் இருந்தாக வேண்டும்.
கைப்பிடிச் சுவரிலிருந்தே
மூடுபனி ஆரம்பித்திருந்தது.
"இங்கேதான்" என்று விரலை நீட்டினேன்.
நகம் வரைக்கும் தெரிந்தது.

கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு
அலை பின்வாங்கும் சத்தம்.
தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
"யாரோ கிழங்கு மூட்டையைச் சரிக்கிற மாதிரி இருக்கு."
இன்னொரு அலை.
"எவ்வளவு பெரிய மூட்டை!"
அதற்கப்புறம் பேசவே இல்லை.
கடைசியில் உதட்டை நக்கிப் பார்த்து
"உப்பு" என்றாள்,
ஏதோ கணக்கு சரியாக வந்ததுபோல.

மூன்றாம் நாள் போய்விட்டாள், விதைப்புக்கு நேரமாகிறதென்று.
போனில் எடுத்த படம் ஒன்றுதான்: முழுக்கச் சாம்பல்.
இதுதான் கடல் என்று
ஊரில் எல்லோருக்கும் காட்டுகிறாளாம்.
யாரும் மறுக்கவில்லையாம்.

நேற்று பெல்ஜியத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்,
எந்த மாதம் நல்லது என்று.
ஜனவரி என்று அடித்தேன்.
அனுப்புமுன் கை நின்றது.
எந்த வழியாக வருகிறீர்கள் என்று
ஒரு வரி சேர்த்துக் கேட்டேன்.
விமானத்தில் என்று பதில் வந்தது, கொஞ்சம் குழப்பத்தோடு.

சரி,
அப்படியானால் ஜனவரி.